இந்தப் பெயர் பொருத்தமாக இருக்கிறதா?

எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் இறக்கினேன்:
இது முடிவான பதிப்பு அல்ல.
எதிர்பாராத இடத்தில் நின்றுவிடலாம்.
நீங்கள் சேமித்தவை தொலைந்து போகலாம்.
முப்பத்தொன்பது வயதில்
இவ்வளவு நேர்மையாக வேறு யாரும்
தன்னை எனக்கு அறிமுகப்படுத்திக்கொண்டதில்லை.

புந்தா அரேனாஸில் இது ஜூலை.
காலை பத்துக்கு வரும் வெளிச்சம்
ஆறு அடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறது.
படகுத்துறைக் கூண்டுக்குள் உட்கார்ந்து
பகல் முழுக்க ஒரே பதில்தான் சொன்னேன்:
காற்று அதிகம், இன்றைக்குப் படகு இல்லை,
நாளைக்கு வந்து பாருங்கள்.
இப்போது சமையலறை. எரிவாயு அடுப்பின் நீலம்.
ஆறிய மாத்தே.
சுவருக்கு அப்பால் ராதோமிரோவின் குறட்டை,
கப்பல் தளத்தில் நாளெல்லாம் பற்றவைத்த களைப்பு.

மூன்று வருடமாக இது என் பொழுதுபோக்கு.
வெளிவராத பிரவுசரைத் தட்டிப் பார்ப்பேன்,
தர்ப்பூசணியைத் தட்டுவதுபோல.
பிழை கண்டால் எழுதி அனுப்புவேன்.
ஹால்வார் என்று ஒருவர், எங்கோ வடக்கில்,
எப்போதும் ஒரே வரியில் பதில் போடுவார்:
'எங்களிடம் மீண்டும் நிகழவில்லை.'

இந்த முறை புதியவை நிறைய.
தாவல்கள் தலைமேலிருந்து இறங்கி
இடப்பக்கம் சரக்குப் பெட்டிகளாய் அடுக்கி நிற்கின்றன.
நெடுநாள் தொடாத பக்கங்கள்
தாமாகவே சாம்பல் நிறத்தில் உறங்குகின்றன.
திரையை இரண்டாகப் பிளந்து
ஒரு பாதியில் வானிலை, மறு பாதியில் கால்பந்து.
இரண்டிலும் நாங்களே தோற்றுக்கொண்டிருந்தோம்.

கடைசியாக அந்தப் பொத்தான்: ஒழுங்குபடுத்து.
திறந்து கிடந்தவை நாற்பத்தொன்று.
நாற்பத்தொரு தாவல், ஒன்றிலும் தாவியதில்லை நான்.
அழுத்தினேன்.
ஒரு வட்டம் சுழன்றது.
சூப்பு வகைகள் ஒரு பக்கம்,
ராதோமிரோவின் முதுகுவலி ஒரு பக்கம்.
பிறகு ஒன்பது பக்கங்கள்
எங்கெங்கிருந்தோ எழுந்து வந்து
ஒரே நிறத்துக்குள் நின்றன:

வால்டிவியாவில் ஆற்றோரம் ஒற்றை அறை.
அர்ஜென்டினா வழியே சுற்றிப் போகும் பேருந்து.
பூனையை ஏற்றிச் செல்ல என்ன சான்றிதழ்.
அரை லிட்டர் கெட்டில்.
தொண்ணூறு சென்டிமீட்டர் மெத்தை.
கூட்டுக் கணக்கிலிருந்து ஒருவர் விலகுவது எப்படி.
மற்றவையும் அந்த மாதிரிதான்.

மார்ச்சில் ஒன்று, மே மாதத்தில் இரண்டு என்று
சும்மா திறந்தவை, சத்தியமாகச் சும்மா.
கெட்டில் பழையது, அதனால் பார்த்தேன்.
மழை எத்தனை நாள் என்று யார்தான் பார்ப்பதில்லை?
எந்திரம் எதையும் கேட்கவில்லை.
குழுவுக்கு மேலே ஒரு சொல் எழுதியது:
இடமாற்றம்.
கீழே, சிறிய எழுத்தில்,
இந்தப் பெயர் பொருத்தமாக இருக்கிறதா?
ஆம். இல்லை.

அடுப்பைக் குறைத்தேன். கூட்டினேன்.
பூனை மேசைமேல் ஏறி
'இல்லை'யின் மீது உட்காரப் பார்த்தது.
தூக்கிக் கீழே விட்டேன்.

பழக்கதோஷத்தில் பிழை அறிக்கையைத் திறந்தேன்.
செய்தது: ஒழுங்குபடுத்து என்பதை அழுத்தினேன்.
எதிர்பார்த்தது: வீட்டுச் சாமான், வானிலை, பூனை.
நடந்தது:
அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன்.
எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்ற இடத்தில்
'ஒவ்வொரு இரவும்' என்று என் விரல் எழுதியது.
அனுப்பியும்விட்டது.

கதவு திறந்தது. தண்ணீர் குடிக்க வந்தவர்
இருட்டில் கண்ணைச் சுருக்கினார்.
"இன்னும் தூங்கலையா?"
"புதுப் பதிப்பு."
"நல்லா இருக்கா?"
"பரவாயில்ல. சில இடத்துல நின்னுடுது."
"அணைச்சுட்டுப் போடு, சரியாயிடும்" என்றார்,
என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.
கையில் வெல்டிங் புகை வாசம்.

எட்டாம் நாள் அடுத்த பீட்டா வந்தது.
குறிப்பில் நான்காவது வரி:
தானியங்கிக் குழு வசதி தற்காலிகமாக நீக்கப்பட்டுள்ளது.
ஹால்வார் தனியாகவும் எழுதியிருந்தார்,
'எங்களிடமும் நிகழ்ந்தது. நன்றி.'
ஒன்பதும் பழையபடி சிதறிக் கிடக்கின்றன,
சூப்புக்கும் முதுகுவலிக்கும் நடுவே.
எது எங்கே என்று எனக்குத் தேட வேண்டியதில்லை.

இன்று காற்று குறைவு, படகு உண்டு.
வரிசையில் முதல் ஆள் உருளைக்கிழங்கு மூட்டையோடு.
எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்:
போக மட்டுமா, திரும்பவும் சேர்த்தா?
கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல.
அவர் மூட்டையைக் கீழே வைத்தார்.